கிணற்றடி வேலி

அந்த வேலியை அடியோடு வெட்டச் சொன்னவன் நான். ஜப்பான் அதிகாரி கேட்டது இடுப்பளவு. கங்காணியிடம் நான் முதலில் சொன்னது முழங்காலளவு. கடைசியில் தரைமட்டம் என்று சொன்னதும் நான்தான். அந்த நேரத்தில் யாரும் என் தலையில் துப்பாக்கி வைத்திருக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், ஜப்பான்காரன் காலத்தில் வேறு வழியில்லை என்றே இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன். வேறு வழி இருந்தது. அதை ஒரு பெண் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டினார், மரத்தைக் கீறிப் பால் இறக்கும் வேலை. நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, மீசை சரியாக முளைக்கும் முன்பே அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு என் அம்மாவின் வயது இருக்கும். இருந்தும் நான் அவரை ‘நீ’ என்றுதான் அழைத்தேன். அவர் என்னை ‘ஐயா’ என்றார். தோட்டத்து வழக்கம் அப்படி. இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். இந்த மரியாதை காலம் கடந்து வருவது எனக்குத் தெரிகிறது. அவருடைய பெயரைத் தினமும் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் எழுதிய கை இது. இங்கே அதை எழுதவில்லை. அவருடைய பேரன் இன்னும் இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. இதெல்லாம் அந்தப் பேரனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவருக்கு மிச்சக்காரி என்று பட்டப்பெயர். எதையும் முழுதாக முடிக்க மாட்டார். தேநீர் குடித்தால் அடியில் ஒரு விரற்கடை இருக்கும். சோற்றுப் பானையில் ஒரு பிடி இருக்கும். கீரை பறித்தால் செடியில் பாதி நிற்கும். வரிசையின் கடைசி மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கில் ஒட்டியிருக்கும் கட்டிப்பாலை வழித்தெடுக்காமல் வந்துவிடுவார். அதற்காகக் கங்காணி அவரைத் திட்டுவார். நானும் ஒருமுறை அவருக்கு அரைப்பேர் போட்டிருக்கிறேன். அரை நாள் கூலி போன அன்றும் அவர் முகம் மாறவில்லை. மறுநாளும் அதே மரத்தில் அதே மிச்சம்.

ஒரு நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் வைத்துவிட்டுப் போன தேநீர்க் குவளையைக் கங்காணி எடுத்துக் காட்டி, “யாருக்கு வச்சிருக்க இத? செத்துப்போன மாமியாளுக்கா?” என்றார்.

“வர்றவங்களுக்கு.”

“யாரு வர்றா?”

“வந்தா தெரியும்” என்று சொல்லிவிட்டு அவர் மரத்துக்குப் போய்விட்டார். அந்தத் தேநீரை ஒரு கோழி குடித்தது. எல்லோரும் சிரித்தோம்.

பேச்சிலும் அவர் அப்படித்தான். தன் புருஷனைப் பற்றி ஆரம்பிப்பார். கப்பலில் வந்தது, பினாங்கில் இறங்கியது, காட்டை அழித்த கும்பலில் சேர்ந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, “அப்புறம் ஒரு நா மழ பேஞ்சுச்சு” என்று நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்பது லயத்தில் யாருக்கும் தெரியாது. அவருடைய மகளுக்குத் தெரியுமோ என்னவோ.

அவரை நல்லவர் என்று நான் காட்டப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். அவரோடு பழகுவது சிரமம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் போனால் பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார். அந்த வேலி தன்னுடையது என்று அவருக்கு ஓர் எண்ணம்.

வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடுகள் உள்ளே வராமலிருக்க எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் துரை சாலையோரமாகச் செம்பருத்திக் குச்சிகளை நட்டு வைத்தாராம். பிறகு அதில் உண்ணிச்செடி புகுந்தது, கோவைக்கொடி படர்ந்தது, பிரண்டை ஏறியது, கடைசியில் ஒரு மூங்கில் புதரும் சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் சாலை, மறு பக்கம் வாய்க்கால். நடுவில் ஒரு மாட்டுவண்டியின் அகலத்துக்கு அது கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுவார்கள். அதுவும் ஒரு வருஷம் சாலைப் பக்கம், அடுத்த வருஷம் வாய்க்கால் பக்கம். யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை அது. இரண்டு பக்கமும் ஒரே வருஷத்தில் வெட்டக் கங்காணிக்குச் சோம்பல், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சோம்பலால் எந்த வருஷமும் வேலியின் ஒரு பாதி தொடப்படாமல் பூவும் பழமுமாக நின்றது. அதற்குள் செண்பகம் என்கிற செம்போத்து இருந்தது. தையல்சிட்டு இருந்தது. சாரைப்பாம்பும் உடும்பும் இருந்தன. கிணற்றடியில், வேலி மிக அடர்ந்த இடத்தில், கானாங்கோழிகள் அடைந்தன. வெள்ளை மார்பும் கறுத்த முதுகுமாக வாய்க்காலோரம் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். விடியும் முன் அவை போடும் சத்தத்தில்தான் லயம் விழிக்கும். பெரட்டு மணி அடிப்பவனுக்கே அதுதான் மணி.

அவர் அந்தக் கானாங்கோழிகளின் முட்டைகளை எடுப்பார். கண்ணி வைத்து எப்போதாவது ஒரு பறவையையும் பிடிப்பார். கூட்டில் ஐந்து முட்டை இருந்தால் இரண்டு எடுப்பார். மீதியை அவரும் தொட மாட்டார், மற்றவர்களையும் தொட விட மாட்டார். பறவைகள் மேல் இரக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். குவளையில் தேநீரை வைத்த அதே கை அது.

எனக்குக் குளிர் காய்ச்சல் வந்து ஆபீஸ் அறையிலேயே கிடந்தபோது, கதவருகில் ஒரு கொட்டாங்கச்சியில் இரண்டு சின்ன முட்டைகள் இருந்தன. புள்ளி போட்ட முட்டைகள். யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை. அவித்துத் தின்றேன். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் நன்றி சொல்லவில்லை. கிராணி ஒரு பால்வெட்டுக்காரிக்கு நன்றி சொல்வது அப்போது என் மனத்தில் தோன்றக்கூட இல்லை.

ஜப்பான்காரன் வந்தான். துரைமார் போய்விட்டார்கள். பெரிய கிராணி நோயாளியாகி வீட்டோடு இருந்துவிட்டதால் ஆபீஸ் என் கைக்கு வந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. சாலையோரத்து மரங்களைச் சாய்த்து மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் போடச் சொன்னார்கள். அரிசி குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஆள் பிடித்தார்கள். ஒரு காலையில் லோரி வந்து நின்று, பெரட்டில் இருந்த வாலிபர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனது. அதில் அவருடைய மருமகனும் போனான். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். நானும் அதையே மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் திரும்பவில்லை. அவன் போனபோது அவருடைய மகள் பிள்ளை உண்டாகியிருந்தாள்.

அந்தப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். மெலிந்த கழுத்து, பெரிய கண்கள். கோணிச் சாக்கைத் தைத்து மேலே போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். கால் வீங்க ஆரம்பித்திருந்தது. மரவள்ளியை மட்டும் தின்றால் இப்படித்தான் வரும், முட்டையோ மாமிசமோ தவிடோ ஏதாவது கொடுங்கள் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர் சொல்லியிருந்தார். அவரிடம் மருந்தும் இல்லை. வேலியில் முட்டை இருந்தது. அம்மாக்காரி தினமும் விடியலில் கிணற்றடிக்குப் போய் வந்தார். மகள் பிள்ளை பெறும் வரை தாங்கினால் போதும் என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அப்போதுதான் வேலி பற்றிய உத்தரவு வந்தது. ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்தவர்கள் சாலையில் எங்கோ ஒரு ராணுவ வண்டியைத் தாக்கியதாகப் பேச்சு. சாலையோரத்து வேலிகளில் ஆள் மறைய இடமிருக்கக் கூடாதென்று அதிகாரி பெரட்டுக் களத்துக்கே வந்து, தன் இடுப்பு வாரில் கையை வைத்து அளவு காட்டினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, சரியாகக் குனிந்து வணங்கவில்லையென்று எல்லோர் முன்னிலையிலும் அந்த அதிகாரி என்னை அறைந்திருந்தார். இடுப்பளவு என்றால் நான் முழங்காலளவு வெட்டிக் காட்டுவேன் என்று அப்போதே மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு, கங்காணியிடமும் அதையே சொன்னேன். தோட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மேலிருந்து ஒரு அளவு வந்தால் துரைக்குப் பயந்து கிராணி ஒரு பிடி கூட்டுவார், கிராணிக்குப் பயந்து கங்காணி இன்னொரு பிடி கூட்டுவார். கேட்டதற்குக் குறைந்தால்தான் அடி. கூடினால் யாரும் அடிப்பதில்லை.

மறுநாள் காலை கும்பல் பாராங்கோடு வேலியோரம் நின்றது. அவரும் அதில் நின்றார். வேலைக்கு வராவிட்டால் பங்கு அரிசி கிடையாது. நான் வந்ததும் கும்பலிலிருந்து விலகி என் அருகில் வந்தார்.

“ஐயா, ரோட்டுப் பக்கம் பூரா வெட்டிடுறோம். கெணத்துலேர்ந்து மூங்கி வரைக்கும் மட்டும் இடுப்பளவு விட்டுடுங்க. அதுக்குள்ளதான் கோழி அடையுது. மகளுக்கு மாசம் ஏழு. அவளுக்கு வேற ஒண்ணும் இல்ல.”

கங்காணிக்குக் காது கூர்மை. “கோழிக்கு லயத்துல ஒரு வீடு ஒதுக்கிடலாமா, கிராணி?” என்றார். பின்னாலிருந்து ஒருவன், “பேரும் பதிஞ்சு அரிசியும் குடுத்துடுங்க, அண்ணே” என்றான். கும்பல் சிரித்தது. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் அறை வாங்கிய கன்னம் எனக்குச் சுட்டது.

“இது என்ன, உன் பொண்ணுக்கு நீ குடுத்த சீதனமா?” என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை எனக்குச் சாதகமான சிரிப்பு. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதில் அர்த்தமில்லை.

அவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். “ஜப்பான்காரன் இடுப்பத்தான தொட்டுக் காட்டுனான். நானும் பெரட்டுல நின்னேன்ல, ஐயா. அவன் கேக்காதத நீங்க ஏன் குடுக்குறீங்க?”

நான் கங்காணியிடம் திரும்பி, “அடியோட வெட்டச் சொல்லு. ரெண்டு பக்கமும். ஒரு குச்சி நிக்கக் கூடாது” என்றேன்.

கிணற்றடித் துண்டைக் கங்காணி அவரிடமே ஒதுக்கினார். அவர் வெட்டினார். உடைந்த முட்டைகளும் இன்னும் இறகு முளைக்காத குஞ்சுகளும் வெட்டிய தழையோடு வந்தன. காக்கைகள் இறங்கின. வெளியே ஓடிய சாரைப்பாம்புகளை ஆண்கள் அடித்துச் சுட்டுத் தின்றார்கள். அன்று லயத்தில் பலருக்கு வயிறு நிறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். தழை காய்ந்ததும் எரித்தோம். சாலையிலிருந்து லயத்தின் கதவுகள் வரை ஒரே வெட்டவெளி. அதிகாரி வந்து பார்த்து, தலையசைத்து, எனக்கு ஒரு சிகரெட் பெட்டி கொடுத்தார்.

அடுத்து வந்த மழையில் வாய்க்கால் கரை சரிந்தது. பிடித்து வைக்க வேர் இல்லை. மண் வாய்க்காலை அடைத்து, தண்ணீர் கேழ்வரகுக்குள் ஏறியது. பிறகு எலி வந்தது. முன்பும் எலி இருந்தது. ஆனால் அதைத் தின்ன வேலியில் பாம்பும் செண்பகமும் இருந்தன. இப்போது அது பகலிலேயே சர்க்கரைவள்ளிக் கொடிகளுக்குள் ஓடியது. தோண்டினால் பாதி கிழங்கு குடைந்த ஓடாக வந்தது. கேழ்வரகுக் கதிரில் புழு. பொறுக்கித் தின்ன ஒரு சிட்டும் இல்லை. விடியலில் லயம் சத்தமில்லாமல் கிடந்தது. பெரட்டு மணி அடிப்பவன் இரண்டு முறை தூங்கிப்போனான். கங்காணி என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். நானும் கங்காணியைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். வெட்டச் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் பழக்கம் விடாமல் விடியலில் எழுந்து கிணற்றடிக்குப் போவதாகச் சொன்னார்கள். போய் வெறும் கையோடு திரும்புவார். பிறகு வாய்க்கால் தாண்டி, மலாய்க்காரர் கிராமமான கம்பத்துப் பக்கம், இன்னும் தூரம் என்று போனார். நத்தை கொண்டுவந்தார். சில நாள் அதுவும் இல்லை. என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. என் அறைக்குப் பின்னால் நான் இரண்டு கோழி வளர்த்தேன். அவற்றின் முட்டையை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். அனுப்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று பயந்து அனுப்பவில்லை. இதுதான் வேலியை விடப் பெரிய குற்றம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெண் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றாள். அந்த வாரத்திலேயே இறந்துபோனாள். இடுப்பு வரை வீங்கியிருந்ததாகச் சொன்னார்கள். நான் டிரெசரைத் தேடிப் போய், முட்டை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டு, “போயி ஆபீஸ் வேலையப் பாருங்க, தம்பி” என்றார்.

சில நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். என் கோழி இரண்டையும் கால் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையோடு இந்தக் குழந்தைக்கும் பால் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று, தப்பு என்னுடையது, கங்காணியுடையதோ ஜப்பான்காரனுடையதோ அல்ல என்று சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது. குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது.

“புள்ள தூங்குது” என்றார். “மெதுவா பேசுங்க.”

அவ்வளவுதான். கோழிகளைக் கீழே வைத்தேன். அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நான் திரும்பி நடந்தேன்.

அதன் பிறகு வேலியை நட்டேன். ஆள் வைத்துச் செய்யவில்லை. அதில் பெருமையும் இல்லை, ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை. வேலை முடிந்த பிறகு சங்குல் என்ற மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கரையை மேடாக்கினேன். அடிக்கட்டைகளில் சில துளிர்த்திருந்தன. மற்ற இடங்களில் செம்பருத்திக் குச்சியும் முருங்கைக் கொப்பும் ஊன்றி, சிறகவரையை ஏற்றிவிட்டேன். அதிகாரி கேட்டபோது, இது வேலியல்ல, காய்கறிப் பந்தல் என்றேன். காயைப் பறித்துக் காட்டினேன். நான் சொன்ன பொய்களில் வெட்கப்படாத பொய் அது ஒன்றுதான். இடுப்புக்கு மேல் வளர்ந்ததைக் கத்தரித்தேன். ஒரு பக்கம் வெட்டினால் மறு பக்கத்தை அந்த வருஷம் தொடவில்லை. அவர் தண்ணீருக்குக் கிணற்றடிக்கு வருவார். குழந்தை இடுப்பில் இருக்கும். நான் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பேன். அவர் ஒரு முறை கூட நின்று பார்க்கவில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்தபோது வேலி மறுபடியும் உள்ளே பார்க்க முடியாதபடி அடர்ந்திருந்தது. எலி குறைந்திருந்தது. செண்பகத்தின் குரல் கேட்டது. பிறகு ஒரு விடியலில், மழை விட்டிருந்த நேரம், கிணற்றடியிலிருந்து கானாங்கோழியின் சத்தம் வந்தது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். லயத்திலும் வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். அன்று ஆபீசுக்குப் போகும்போது நான் வேகமாக நடந்ததாக நினைவு. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அந்த வாரம் அவர் ஆபீசுக்கு வந்தார். அதற்கு முன் சம்பள நாள் தவிர ஆபீஸ் படி ஏறியதில்லை. குழந்தை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

“டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துல ஆள் எடுக்குறாங்களாம். என்னைய அங்க மாத்திவிடுங்க, ஐயா.”

இங்கேயே ரப்பர் வேலை தொடங்கப் போகிறது, துரைமார் வரப் போகிறார்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சொன்னேன். வேலியும் வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர்தான் அதைச் சொன்னார்.

“விடியக்காலையில அது கத்துதுங்க. கத்துனதும் எந்திரிச்சிடுறேன். கெணத்தடி வரைக்கும் போயிடுறேன். அங்க போயி நின்னப்பறம்தான் தெரியுது, யாருக்கு எடுக்க வந்தேன்னு.”

வெளியே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான், மறுபடியும் வெட்டிவிடச் சொல்கிறேன் என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை.

“வேணாம்” என்றார். “அது அங்கனயே இருக்கட்டும். நான் போறேன்.”

அன்றே அந்தத் தோட்டத்துக் கிராணிக்கு எழுதினேன். எனக்குத் தெரிந்தவர், மறுக்கவில்லை. லோரி கிடைத்த நாளில் ஒரு தகரப்பெட்டி, ஒரு பானை, அந்தக் குழந்தை, இவற்றோடு அவர் ஏறிக்கொண்டார். நான் ஆபீஸ் வாசலில் நின்றேன். லோரி வேலியை ஒட்டித்தான் போயாக வேண்டும். குழந்தை கையை நீட்டி ஒரு செம்பருத்தியைப் பிடுங்கப் பார்த்தது, எட்டவில்லை. அவர் குழந்தையின் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இரண்டே தடவை. நான் கொடுத்தது இந்த மாற்றல் ஒன்றைத்தான்.